கல்செடிக்கு முதலுதவி

"எது செஞ்சாலும் செய்ங்க, தண்ணி மட்டும் காட்டிடாதீங்க" என்று சொல்லித்தான் மாமனார் அந்தத் தொட்டியை இவர்கள் வீட்டில் விட்டுவிட்டு மாமியாரோடு ஊருக்குப் போயிருந்தார். மருமகனின் முழங்கை பட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் இப்போது முழுசாக அதில் கவிழ்ந்திருந்தது.

தென்னாப்பிரிக்கப் பாலைவனத்துக் கல்செடி. பார்த்தால் மண்ணில் பாதி புதைந்த கூழாங்கல். நடுவில் ஒரு கோடு. கோடு பிளந்தால் உள்ளிருந்து புது இலை வருமாம். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அழுகிவிடுமாம். கைச்சூடு ஆகாதென்று மாமனாரே அதைத் தொடமாட்டார். எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

கல்யாணமாகி மூன்று வருஷமாக அவர் இவனை 'மாப்ள' என்று கூப்பிட்டதில்லை. கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பதால் 'கடைக்காரர்'. அப்படிப்பட்டவர் முதல் முதலாக நம்பி ஒப்படைத்தது இந்த ஒற்றைச் செடியைத்தான்.

"சாயங்காலம் வந்துடுவாங்க" என்றாள் மனைவி. "இது அழுகிச்சுன்னா, ஆயுசுக்கும் நீங்க கடைக்காரர்தான்."

"பதறாத. தண்ணியில விழுந்த போன் எத்தனைக்கு உயிர் குடுத்திருக்கேன்."

"அதுக்கெல்லாம் வேர் கிடையாதுங்க."

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் வழக்கப்படி, தொட்டியை அப்படியே அரிசி டிரம்முக்குள் இறக்கினான். ஈரம் போகவில்லை, அரிசிக்குள் மண் போனது. மனைவி அவனைப் பார்த்த பார்வையில் அன்றைய சமையல் ரத்தாகியிருந்தது.

அடுத்து, கடையில் சிப் கழற்றும் சூடுகாற்றுத் துப்பாக்கி வந்தது. மண் நொடியில் காய்ந்தது. செடியைத் தொட்டுப் பார்த்தவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"வெந்துடுச்சா?" என்றாள்.

"லேசா."

சூடான போனை ஆற வைப்பதுபோல இதையும் ஆற வைத்தால் போச்சு என்று தொட்டியை ஃப்ரீசரில் தள்ளினான். உள்ளே 'டக்' என்றது. திறந்தால், கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிளந்திருந்தது.

டிஸ்ப்ளே ஒட்டும் பசையை எடுத்தான். அது செடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒட்டியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகிப் போன நேரத்தில் காலிங் பெல் அடித்தது.

மனைவி தொட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். மாமனார் பையைக்கூட இறக்காமல் நேரே ஜன்னலுக்குப் போனார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"பொளந்திருக்கு."

"மாமா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பேசாதீங்க." அவர் பையை மெல்லக் கீழே வைத்தார். "ஏழு வருஷமா காத்துக் கிடக்கறேன். எனக்குக் காட்டாததை உங்க கைக்குக் காட்டியிருக்கு, மாப்ள."

மருமகன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சிநேகிதர்களுக்குச் செய்தி சொல்ல மாமனார் போனோடு பால்கனிக்குப் போனார்.

மாமியார் அவனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தச் செடி போன வருஷமே என் கையால அழுகிப்போச்சு. அவருக்குத் தெரியாம, கோடு விழுந்த கூழாங்கல்லா ஒண்ணு தேடிப் பொறுக்கிட்டு வந்து நட்டு வெச்சேன். நிஜத்தைச் சொல்லுங்க மாப்ள, கல்லை எப்படிப் பொளந்தீங்க?"