மச்சானுக்கு எதிராகக் கால்சியம்

"இந்த வைகாசிக்கு மூர்த்தி மச்சான் வாயில ஒரு துண்டு மாம்பழம்கூடப் போகக் கூடாது!" பல் விளக்கிக்கொண்டே ராஜேந்திரன் சபதம் எடுத்தார். நுரை பனியனில் வழிந்தது. வழியட்டும், சபதம் சபதம்தான்.

பின்னே என்னங்க? திருவண்ணாமலையில் வீடு இருந்தால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சொந்தக்காரர்கள் வருவார்கள்; கிரிவலம் சுற்றிவிட்டுப் போவார்கள். மனைவி அருணாதேவியின் அண்ணன் அப்படியா? டெல்லியிலிருந்து வைகாசிப் பௌர்ணமிக்கு வந்தால் முழுசாக ஒரு வாரம். மலையைச் சுற்றுவது ஒரு தடவை. வேங்கிக்கால் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பங்கனபள்ளி மரத்தைச் சுற்றுவது நூறு தடவை! போன வருஷம் ராஜேந்திரனுக்கு மிஞ்சியது ரெண்டே கொட்டை. அதிலும் ஒன்று மச்சான் சப்பியது.

வழி கலெக்டர் ஆபீசில் கிடைத்தது. அங்கேதான் அவருக்குக் கிளார்க் வேலை. குறைதீர்வுக் கூட்டத்துக்கு மனு கொடுக்க வந்த ஒரு மாந்தோப்புக்காரர் சொன்னார்: "காய் சின்னதா இருக்கறப்பவும், பறிக்க ஒரு மாசம் முன்னாடியும் கால்சியம் குளோரைடு அடிச்சேன் சார். காய் கெட்டியா நிக்குது. பழுக்கத்தான் பத்து நாள் ஜாஸ்தி ஆவுது."

பத்து நாள்! ராஜேந்திரனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அளவு கேட்டுக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே தெளிப்பானோடு மரத்தடியில் நின்றார்.

"என்னங்க இது, மரத்துக்கு மருந்து?"

"கால்சியம்மா. தோல்ல புள்ளி விழாது. பறிச்சு வெச்சாலும் சீக்கிரத்துல அழுகாது."

"அழுகாதா?"

"ரெண்டு வாரம் தாங்கும்!"

"அட!" என்றாள் அருணாதேவி. அதோடு உள்ளே போய்விட்டாள். அந்த 'அட'வுக்கே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

வைகாசி வந்தது. மச்சானும் வந்தார். நேராக மரத்தடிக்குப் போய் ஒரு காயை அமுக்கினார். கல்லு!

"என்ன மாப்ள, இன்னும் பழுக்கலியா?"

"அத ஏன் கேக்கறீங்க மச்சான், இந்த வருஷம் வெயில் கம்மி." நாற்பத்தோரு டிகிரியில் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார் ராஜேந்திரன். முகத்தில் அப்படி ஒரு சோகம். வயிற்றுக்குள் சிரிப்பு குலுங்கியது.

மச்சான் கிளம்பும் நாளன்று மத்தியானமே பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் காட்பாடி போகிற டாக்ஸி. பக்கத்தில் நாலு அட்டைப்பெட்டி.

"நீங்க கையே வைக்காதீங்க மச்சான், நான் எதுக்கு இருக்கேன்!" நாலையும் தோளில் சுமந்து ஏற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே பாத்திரமோ பண்டமோ, யார் கேட்டார்கள்? போனால் போதும்!

டாக்ஸி தெருமுனை திரும்பியதும் கொல்லைப்பக்கம் பாய்ந்தார். பகீரென்றது. மரத்தில் இலை இருந்தது. கிளை இருந்தது. அணில் இருந்தது. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை!

"அருணா! திருடன்! ஐயையோ, மொட்ட அடிச்சுட்டான்!"

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அண்ணன்தான் எடுத்துட்டுப் போறாரு. எப்பவும் ரயில்ல நசுங்கி அழுகிடும்னு இங்கயே சாப்ட்டுட்டுப் போவாரு. இந்த வாட்டிதான் உங்க புண்ணியத்துல கல்லாட்டம் இருக்குதே! டெல்லில பழுக்க வெச்சு ரெண்டு வாரம் குடும்பமே சாப்பிடுவாங்க. காலைல ஆள் வுட்டுப் பறிச்சோம்."

"மொத்தத்தையுமா?"

"மொத்தமே நாலு பெட்டிதாங்க தேறிச்சு."

ராஜேந்திரனுக்குக் கண் இருட்டியது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா அருணா?"

"எதுக்குக் கேக்கணும்? தோள்ல தூக்கி ஏத்தி வுட்டதே நீங்கதானே!"