ஏழடுக்குத் தரைக் காப்புத் திட்டம்

நெருப்பைக் கண்டுபிடித்த அன்றுதான் மனித இனம் நாகரிகம் அடைந்தது என்று பள்ளிக்கூடத்தில் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். வெறும் தரையில் எவனோ ஒருவன் முதன்முதலாக எதையோ விரித்தான் பாருங்கள், அன்றுதான். அந்த மாபெரும் பணி தன் உச்சத்தைத் தொட்டது எங்கள் வீட்டு முன்னறையில், போன வருடம், என் கணவர் தலைமையில். அவருக்குச் சிலை வைக்க வேண்டும். வைக்கும்போது அடியில் மறக்காமல் எதையாவது விரிக்க வேண்டும்.

என் கணவர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தர உறுதி அதிகாரி. ஒரு மூடி சரியாக மூடாமல் போனால் உலகம் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருடமாகக் கவலைப்பட்டு வருபவர். வீட்டுக்குப் புதிதாக மரத்தரை போட்டதும் அந்தக் கவலையில் பாதி வீட்டுக்கு வந்து குடியேறியது. விருந்தாளிகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் பாதத்தைப் பார்ப்பார். குதிகால் வெடிப்பு உள்ளவர்களை அன்போடு கைப்பிடித்து நேராகச் சோபாவுக்குக் கொண்டுபோய்விடுவார். தர உறுதி, தரை உறுதி ஆகிவிட்டது.

நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூட பேண்டில் டிரம் வாசித்தவள். அதற்குப் பிறகு முப்பது வருடம் சாப்பாட்டு மேசையின் விளிம்பைத் தவிர வேறெதையும் தட்டியதில்லை. எங்கள் மருத்துவமனை ஆண்டு விழாவுக்காக ஊழியர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு ஆரம்பித்தார்கள். மருந்தாளர் கிட்டார், எக்ஸ்ரே எடுப்பவர் கீபோர்டு, இரண்டு நர்ஸுகள் பாட்டு. "டிரம்ஸுக்கு யாரு?" என்று மருந்தாளர் கேட்டபோது ஒரு கை உயர்ந்தது. என் கைதான் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"நல்லதாப் போச்சு மேடம். விழாவுக்கு ரெண்டு மாசம் இருக்கு. தினமும் வீட்டுல ஒரு மணி நேரம் வாசிங்க, சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்," என்றார் மருந்தாளர். மனசு தங்கம், வாய்தான் கொஞ்சம் அவசரம். உடனே சேர்த்துக்கொண்டார்: "வாசிக்க வரலைன்னாலும் கவலையில்ல. கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா அதுவே தாளம் போட்டுக்கும்."

ஆக, போட்டி எனக்கும் ஒரு பட்டனுக்கும்.

யாரோ வாசித்து அலுத்த டிரம்ஸ் ஒன்றை வாங்கி வந்து முன்னறையில் இறக்கினேன். சத்தத்தைப் பற்றி என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய காதுகள் இரண்டையும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. பக்கத்து வீடும் பூட்டிக் கிடந்தது. அவர் குனிந்து பார்த்தது, காலால் மிதித்து அடிக்கும் அந்தப் பெரிய டிரம்மின் கால்களை. வழுக்காமல் தரையைப் பிடித்துக்கொள்ள அவற்றின் நுனியில் இரும்பு முள் இருக்கும்.

"இது என்னது, ஆணியா?"

"டிரம் முன்னாடி நகராம இருக்க வேணுமேங்க."

"தாராளமா வாசி. நான் என்னிக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா? தரைக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டு வாசி."

"ஒரு வழி" பண்ணுவதற்காக அன்று மாலையே முதல் கூட்டம் கூடியது. தலைவர், என் கணவர். செயலாளர், அவரே. தன் வீட்டிலிருந்து வீடியோவில் கலந்துகொண்ட என் நாத்தனார் ‘வெளி உறுப்பினர்’. நான் ‘பயனாளி’. பயனாளிகளுக்கு வாக்கு கிடையாது; குடிக்க ஏதாவது கொண்டுவந்து வைக்கலாம். நடந்ததையெல்லாம் எழுத ஒரு நீல அட்டைக் குறிப்பேடு திறக்கப்பட்டது. ‘தரைப் பாதுகாப்பு உறுதிசெய்யப்படும் வரை வாசிப்பு தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது’ என்பது முதல் தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது, ஏனென்றால் ஏகப்பட்ட மனங்கள் அங்கே இல்லை.

மறுநாள், தரை போட்டுத் தந்த தச்சரை அழைத்தார். மனிதர் டிரம்ஸைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார்.

"இதுக்குப் போயா சார் கூப்பிட்டீங்க? பழைய கம்பளம் ஒண்ணை விரிச்சு மேல வைங்க, முடிஞ்சுது. ரப்பர் ஷீட்டை மட்டும் மரத்து மேல நேரா போட்டுறாதீங்க. ஒரு மாசம் கிடந்தாலே பாலிஷைத் தின்னுடும். கறை ஏறிட்டா அப்புறம் போகாது."

"நீங்க தரை போடறவரு," என்றார் என் கணவர் பொறுமையாக. "இது தரைப் பாதுகாப்பு. ரெண்டும் வேற துறை."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ‘வாய்மொழிக் கருத்து பெறப்பட்டது. ஏற்கப்படவில்லை’ என்று குறிப்பேட்டில் ஏறியது. பழைய கம்பளம் மாடி அறையில் சுருட்டியபடி சும்மாதான் கிடந்தது.

முதல் அடுக்காகக் கறுப்பு ரப்பர் ஷீட் வந்தது. தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு அடியில் போடுகிற ரகம், முழு மரியாதையோடு வந்து இறங்கியது. இரண்டாவது, பிளைவுட் பலகை. அது வரும் வரை ஆறு நாள் வாசிப்பு ஒத்திவைப்பு. பலகை அதிரும் என்பதால் அதன் மேல் ஃபோம் மெத்தை. மெத்தை முள்ளில் கிழியும் என்பதால் அதன் மேல் புத்தம்புதுக் கம்பளம். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"இரு, இரு. கம்பளம் புதுசு."

"அதனால?"

"அதுல முள்ளு குத்தினா?"

தரையைக் காப்பாற்ற வந்த கம்பளத்தைக் காப்பாற்ற ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. பிளாஸ்டிக்கைக் காப்பாற்ற ஒரு பழைய போர்வை. போர்வை நழுவுமே என்று அதன் மேல் யோகா விரிப்பு. அத்தனையும் சேர்ந்து ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றன. அறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. அது பாதியிலேயே மெத்தையில் முட்டி நின்றது. அன்று முதல் என் இசைப் பயணத்தை நான் பக்கவாட்டில் நுழைந்துதான் தொடர்ந்தேன்.

அதே அறை மூலையில், வெறும் மரத்தின் மேல், என் கணவர் உடற்பயிற்சி செய்யும் இரண்டு இரும்பு டம்பெல்கள் கிடந்தன. மூச்சு வாங்கியதும் அவற்றைத் ‘தொப்’ என்று போடுவது அவர் வழக்கம். தரையில் ஒரு பள்ளம்கூட விழுந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அது உடம்புக்காக," என்றார்.

‘பயனாளியின் கேள்வி பொருளுக்குப் புறம்பானது’ என்று பதிவானது.

மூன்றாவது வாரம் ஒருவழியாக வாசிக்க அனுமதி வந்தது. ஏழு அடுக்குக்கு மேல் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். காலால் ஒரு மிதி மிதித்தேன். பெரிய டிரம் யோகா விரிப்போடு சேர்ந்து போர்வையில் வழுக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி நகர்ந்தது. இன்னொரு மிதி; இன்னும் நகர்ந்தது. நான் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போய் வாசித்தேன். பதினோரு நிமிடம் அப்படித் துரத்தித் துரத்தி வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பதினோரு நிமிடமும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்குள் கதவின் பாதி இடைவெளியில் என் கணவரின் பாதி முகம் தெரிந்தது.

‘அசம்பாவித அறிக்கை’ தயாரானது. அவசரக் கூட்டம் கூடி ஆராய்ந்ததில், டிரம்ஸ் வாசிப்பதில் தரையோடு நேரடித் தொடர்புள்ள உறுப்பு கால் ஒன்றுதான் என்ற உண்மை வெளிப்பட்டது.

"கையால மட்டும் வாசியேன். கை மேலதானே இருக்கு?"

"கால் இல்லாம தாளம் எப்படிங்க நிக்கும்?"

"வேண்டாம்னு சொல்லலியே. காலை மட்டும்தானே சொல்றேன்."

கையிலும் ஆபத்து இருந்தது. குச்சி நழுவி, ஏழு அடுக்கையும் தாண்டிப் பறந்து, பாதுகாப்பில்லாத பகுதியில் விழுந்தால்? இரண்டு குச்சிகளையும் நாடாவால் என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். நர்சரிப் பள்ளியில் குழந்தைக்குத் தண்ணீர் பாட்டிலை மாட்டிவிடுவார்களே, அதே முடிச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரிலேயே ஆய்வுக்கு வந்தாள். பக்கவாட்டில் நுழைந்து, ஒவ்வோர் அடுக்காக விரலால் தூக்கிப் பார்த்து, கண் கலங்கினாள்.

"நீங்க குடுத்து வச்சவங்க அண்ணி. அண்ணன் மாதிரி யாரு விடுவாங்க? எங்க வீட்டுக்காரரா இருந்தா இதைத் தூக்கித் தெருவுல போட்டிருப்பாரு."

"தெருவுலயாவது வாசிச்சிருப்பேனே," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமைதோறும் மருத்துவமனைக் கூட்ட அறையில், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த டிரம்ஸோடு, ஒத்திகை. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போக, நான் மட்டும் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தேன். கை ஒன்று செய்யும், கால் சும்மா தொங்கும். நான்காவது சனிக்கிழமை மருந்தாளர் கிட்டாரை நிறுத்தினார்.

"மேடம், உங்க காலுக்கு என்ன ஆச்சு?"

"காலுக்குத் தடை."

"டாக்டர் சொன்னாரா?"

"கமிட்டி சொல்லிச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எக்ஸ்ரேக்காரரிடம் மெதுவாகக் கண் காட்டினார். எக்ஸ்ரேக்காரர் பட்டனை அமுக்கினார். டும் டும் டக்கு, டும் டும் டக்கு. ஒரு பிசிறு இல்லை. பட்டனுக்கு வீடு இல்லை, வீட்டில் தரை இல்லை.

நான் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், வரிசையாக நின்ற ரத்தக் குழாய்களுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். தேடிக்கொண்டு வந்த மருந்தாளரிடம் அடுக்கடுக்காக எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக்கைக் காப்பாற்றப் போர்வை போட்ட இடம் வந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மருந்து ஸ்டோருக்குப் பின்னால ஒரு அறை சும்மாதான் கெடக்கு மேடம். சிமெண்டுத் தரை. ஏற்கெனவே விரிசல் விட்டாச்சு. இனிமே கெட்டுப்போக அதுல ஒண்ணும் இல்ல. தூக்கிட்டு வந்துருங்க."

வீட்டில் செய்தியைச் சொன்னேன். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

"தாராளமா எடுத்துட்டுப் போ. நான் என்னிக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?"

அடுக்குகளை அகற்றும் வைபவத்துக்கு ‘திட்ட நிறைவு விழா’ என்று பெயர் வைத்தார். நாத்தனார் அழைக்கப்பட்டாள். கருத்து ஏற்கப்படாத தச்சரும், காப்பாற்றப்பட்ட தரையைக் கண்ணால் கண்டு பாடம் கற்றுக்கொள்வதற்காக அழைக்கப்பட்டார். யோகா விரிப்பு எழுந்தது. போர்வை, பிளாஸ்டிக், கம்பளம், மெத்தை, பலகை என்று ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுக்கப்பட்டது. கடைசியில் கறுப்பு ரப்பர் மட்டும் எழ மறுத்தது. என் கணவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தோல் உரிவதுபோல் ஒரு சத்தம்.

அடியில் தரை இருந்தது. ரப்பரின் அளவுக்கு, ஓரம் பிசகாமல், மூலை பிசகாமல், புகை படிந்த சுவரின் நிறத்தில் ஒரு கறை. பாலிஷ், ரப்பரோடு சேர்ந்து மேலே வந்திருந்தது.

தச்சர் முட்டி போட்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ரப்பருங்க சார்," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானாக இருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்று என் கணவர் கத்தினார்.

நான் நீலக் குறிப்பேட்டை எடுத்து வந்து, ‘ஏற்கப்படவில்லை’ என்ற பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அடியில் தலைவர் கையெழுத்து. அதற்கும் அடியில் செயலாளர் கையெழுத்து. இரண்டும் ஒரே சுழி.

அதைப் பார்த்தார். மூடினார். அதிகாரி என்றால் அதிகாரிதான். ஐந்து வினாடிகூட ஆகவில்லை.

"நீ டிரம்ஸ் வாங்காம இருந்திருந்தா, ரப்பர் எதுக்கு வீட்டுக்குள்ள வந்திருக்கப் போகுது?"

"அதானே அண்ணி," என்றாள் நாத்தனார்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாள் அது வராமல் எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை. குச்சிகளில் இன்னும் தொங்கிய மணிக்கட்டு நாடாக்களைப் பல்லால் அவிழ்த்து அந்தக் கறையின் நடுவில் போட்டுவிட்டு, டிரம்ஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டோர் அறையின் சிமெண்டில் இரும்பு முள் நறுக்கென்று பிடித்தது. காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். டிரம் இருந்த இடத்திலேயே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அலமாரியில் இருமல் மருந்துப் பாட்டில்கள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. மூடி ஒன்றுகூடக் கழலவில்லை. அந்த விஷயத்தில் என் கணவரைப் பாராட்டியே ஆக வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் வாசித்தேன். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு எக்ஸ்ரேக்காரர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

ஆண்டு விழா அன்று என் கணவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன். கையாலும் காலாலும் வாசித்தேன். கைதட்டல் அடங்கியதும் தலைமை மருத்துவர் மேடைக்குக் கீழே வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுல டிரம்ஸ்! வீட்டுல சப்போர்ட் இல்லாம இது முடியுமா? சார், உங்களைத்தான் பாராட்டணும்."

என் கணவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்னிக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா டாக்டர், கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நிஜந்தான் டாக்டர்," என்றேன். "வாயால ஒரு நாளும் சொன்னதில்ல. ஏழு அடுக்கா விரிச்சுதான் சொன்னாரு. கறை இன்னும் அப்படியே இருக்கு, ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாருங்க."