பத்து வருஷம் ஓடும்

"இந்தக் கன்சோல் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?" என்று ஜி.எம். கேட்டு வாய் மூடுவதற்குள், "பத்து வருஷம் சார்!" என்றார் விற்பனை மேனேஜர்.

யோசித்துப் பேசும் கெட்ட பழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. டி.வி.யில் மாட்டி விளையாடும் அந்தக் கேம் கன்சோல் கிழடு தட்டிப் பல காலமாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் புது மாடலுக்குத் தாவிவிட்டார்கள். ஆனால், பழையதை நிறுத்தினால் அவருடைய பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள். நாற்காலி போனால் அவரை எவன் மதிப்பான்? நாற்காலி இருக்கும்போதே எவனும் மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

"வாய்ச்சவடால் வேணாம்யா. ஹெட் ஆபீஸ்ல விற்பனைக் கணக்கு கேக்கறாங்க."

மேனேஜர் அன்றைக்கே ஒரு கடைக்குப் போன் போட்டு, மாமனார் பெயரில் சில கன்சோல்களை வீட்டுக்கு வரவழைத்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"வேலையக் காப்பாத்திக்கத்தான்."

"வேலை பாத்தாக் காப்பாத்திக்க முடியாதா?"

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு விற்றிருந்தது!

"பாத்தியா? நான் வாங்கினது பாதிதான். மீதிப் பாதி ஜனங்க வாங்கியிருக்காங்க. பழசுக்கு மவுசு வந்துடுச்சுடி!"

தன் பொய்யைத் தானே நம்பும் மேதைகளில் அவரும் ஒருவர். அடுத்த மாதம் இன்னும் அதிகமாக வாங்கினார். அதுவும் இரண்டு மடங்கானது. ஹெட் ஆபீஸ் குளிர்ந்துபோய் இலக்கை ஏற்றியது. மேனேஜர் சேமிப்பில் கை வைத்தார், பிறகு மனைவியின் வளையலில். பெட்டிகள் கட்டிலடியை நிரப்பி, அலமாரியை மறைத்து, ஜன்னலை அடைத்தன. மாமனார் அவற்றின் மேலேயே மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜி.எம். புதிதாக ஒரு குண்டைப் போட்டார்.

"இதை நிஜமாவே வாங்கற ஒரே ஒரு ஆளையாவது நான் கண்ணால பாக்கணும்யா." அவர் குரல் தழுதழுத்தது.

அப்படி ஒரு ஆளை மேனேஜரும் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல், கல்யாணப் படத்தைக் கழற்றி ஒளித்துவிட்டு, மனைவியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் வீட்டுக்கே ஜி.எம்.மை அழைத்து வந்தார். வாடிக்கையாளராக மாமனார் உட்கார்ந்திருந்தார், கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தபடி.

"ஐயா, இது உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?" ஜி.எம். பெட்டிகளைப் பார்த்து வாய் பிளந்தார்.

"இது இல்லேன்னா எனக்குப் படுக்கையே இல்லைங்க!"

ஜி.எம்.முக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"சார், ஜனங்க வெறியா இருக்காங்க! புது மாடலை விட்டுத் தள்ளுங்க, மொத்தப் பணத்தையும் இதுல போடுங்க. பத்து வருஷம் ஓடும். ஓடலேன்னா என்னையும் எங்க மேனேஜரையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க!"

மேனேஜர் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தினார். சாதித்துவிட்டார் அல்லவா!

அழைப்பு மணி அடித்தது. கடையின் டெலிவரி ஆள் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தவன், ஜி.எம்.மைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அட, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா சார்? வண்டியில இருக்கற மீதிப் பாதி உங்க வீட்டுக்குத்தான், வழக்கம்போல மாடியில ஏத்திடவா?"