வளைகாப்பு மணைக்குச் சக்கரம் வைத்த கதை

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வெளிநாடு போயிருக்கிறேன். போகும்போது என் காலால் நடந்து கப்பல் ஏறினேன்; திரும்பி வரும்போது இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு அவசியமும் இல்லை, எங்கள் வீட்டில் மற்றவர்கள் அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் மசாலா கொஞ்சம் தூக்கல் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். (நடந்தபடி எழுதினால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. பரவாயில்லை, ஆரம்பித்தாகிவிட்டது.)

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா மங்கை, இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. தலைப்பிரசவம். வளைகாப்புப் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அப்பா குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தார். அவரை விட்டு அம்மா நகர முடியாது. அக்காவின் மாமியாரோ, 'கடல் தாண்டிப் போகும் விஷயம். பொறுப்பான ஆள் வந்தால் பெண்ணை அனுப்புகிறேன். இல்லாவிட்டால் பிரசவம் இங்கேயே நடக்கட்டும்' என்று கடிதம் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அப்போது நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரே ஆண்பிள்ளை நான்தான். அந்த ஒரு தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"சீர்த் தட்டெல்லாம் தூக்கணும்ல, கூட ரெண்டு பசங்களை இட்டுக்கிட்டுப் போ" என்றார் அப்பா. அவர் செய்த முதல் தப்பு அதுதான்.

ரெண்டு பசங்க என்றால் கலியபெருமாளும் தனவேலும். இருவரும் என்னோடு படித்தவர்கள். கலியபெருமாள் வீட்டில் தலைமுறையாகப் பானையும் ஓடும் செய்கிறவர்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்தே அது சூளையில் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவான். தனவேலுக்கு மண்ணும் தெரியாது, சூளையும் தெரியாது, ஆனால் எல்லாவற்றிலும் நம்பிக்கை உண்டு. எங்கள் பட்டறையைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பத்திரிகையை அவன்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். அதில் ஒரு படம். மலை ரோட்டில் ஒரு பையன் நாலு சக்கரம் வைத்த பலகைமேல் நின்றபடி, கையை விரித்துக்கொண்டு இறங்கிவருகிறான். அதற்குப் பேர் ஸ்கேட்போர்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நாங்கள் சறுக்குப் பலகை என்றோம்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஏங்கினோம். அசலம் என்றால் மலை, ஆனால் விருத்தாசலத்துக்குப் பேரில்தான் மலை. ஊரில் ஒரு சைக்கிளைத் தள்ளாமல் உருளவிட ஒரு சரிவு கிடையாது. அப்போதுதான் தேயிலைத் தோட்டம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அடிபட்டது. மலை, சரிவு, வெள்ளைக்காரன் போட்ட தார் ரோடு. தனவேல் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்கக்கா நல்லா இருக்கணும்டா" என்றான். அக்காவின் பிரசவத்தைப் பற்றி அவன் காட்டிய முதல் அக்கறை அது.

பலகை எங்கே கிடைக்கும் என்று அலையவில்லை. வளைகாப்பில் அக்கா உட்கார அம்மா ஒரு பலா மணையைத் துடைத்து மூட்டையோடு வைத்திருந்தார்கள். இரண்டடி நீளம், இழைத்த பலகை. (எனக்கு நல்ல கதி கிடைக்காது என்று தெரியும். மேலே படியுங்கள்.) அடுத்தது சக்கரம். சைக்கிள் கடைக்காரர் பழைய பேரிங் தருகிறேன் என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பீங்கான் ஊரிலிருந்து வெளிநாடு போகிறவன் இரும்புச் சக்கரத்தில் உருண்டால் ஊருக்கு என்ன மரியாதை? பேரிங்கை உள்ளே வைத்து, மேலே பீங்கானில் சக்கரம் செய்வோம் என்றேன்.

பீங்கான் மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு பெரிதாகப் பச்சை மண்ணில் செய்ய வேண்டும். முதல் வருஷப் பாடம். கலியபெருமாள் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தே ஓர் அளவு குறித்துக் கொடுத்தான். அவன் இரண்டு பின்சக்கரம், தனவேல் ஒன்று, நான் ஒன்று. நான் அவன் கொடுத்த அளவைப் பார்த்தேன். 'சுருங்குமே, இவன் அதை மறந்துவிட்டான் போலிருக்கிறது' என்று நினைத்தேன். அவனிடம் கேட்டால் என் மூளை தெரியாமல் போய்விடும் என்று, நானாக ஒரு பங்கு கூட்டிச் செய்தேன். சூளையைப் பிரித்தபோது மற்ற மூன்று சக்கரமும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. என்னுடையது அவற்றின் சித்தப்பா மாதிரி இருந்தது.

கலியபெருமாள் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "ஏன்டா, போட்ட சுருக்கத்தையே மறுபடியும் போட்டியா?"

"ஓட ஓடத் தேஞ்சு சரியாப் பூடும்" என்றேன்.

"பீங்கான் தேயறதுக்கு உன் பேரன் வந்து ஓட்டணும்டா."

அடுத்த சூளை போட மூன்று வாரம் ஆகும். எங்களுக்கு மறுநாள் ரயில். அந்தச் சக்கரத்தையே முன்பக்கம் வலதில் மாட்டினோம். கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது அவளைக் கையோட கூட்டியாந்துடுறா" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன், ஒரு கண் மணை இருந்த மூட்டைமேலேயே இருந்தது.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியதும், சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்தார். மணையைத் தூக்கித் திருப்பினார். நாலு வெள்ளைச் சக்கரமும் பளபளவென்று சுற்றின.

"இது என்ன?"

"வளைகாப்பு மணைங்க. எங்கக்கா குந்தறதுக்கு" என்றேன்.

"மணைக்கு எதற்குச் சக்கரம்?"

நான் கலியபெருமாளைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மெல்ல முன்னே வந்து, "புள்ளத்தாச்சிங்க. எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றான். அதிகாரி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, "நல்ல தம்பி" என்று என் தோளில் தட்டிவிட்டு மூட்டையைக் கட்டச் சொன்னார். அந்த மனிதர் ஒருவர்தான் அந்தப் பயணத்தில் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னவர்.

தோட்டத்தில் அக்காவின் மாமியார் எங்களை வாசலிலேயே நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்துப் பெண்ணாடத்துக்காரர், தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை. "உங்க வூட்டுல வேற யாரும் இல்லியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, குந்து" என்றார்.

அன்று முழுக்க நான் பொறுப்பாக இருந்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. தோட்டத்தில் மழை எப்படி என்றுகூட விசாரித்தேன். சாயந்தரம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், நாளைக்கு ஒரு நாளு மனுசனா இரு. எனக்குப் பயமா இருக்குதுடா. அம்மா கிட்ட இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்றாள். எப்போதும் என்னை அதட்டுகிறவள் கெஞ்சியது எனக்குச் சங்கடமாக இருந்தது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். அதுவரை மணை சும்மாதானே இருக்கும்? (இதுதான் என் நியாயம்.) காலை ஆறரைக்கு மூவரும் அதைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம். தேயிலை பேக்டரியிலிருந்து குமாஸ்தா வீடு வரைக்கும் தார் ரோடு வழுவழுவென்று இறங்கியது. கலியபெருமாள் முதலில் மணைமேல் உட்கார்ந்து போனான். பத்தடியில் இடது பக்கம் ஒதுங்கித் தேயிலைச் செடிக்குள் புகுந்து நின்றது. இலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தான்.

"வேணாம்டா. உன் சக்கரம் ஒரே பக்கமா இழுக்குது. வூட்டுக்குப் போயிடலாம்."

என் சக்கரத்தை அவன் குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அவன் உட்கார்ந்து போனதுதான் தப்பு, படத்தில் பையன் நின்றுகொண்டல்லவா போகிறான் என்று சொல்லி ஏறி நின்றேன். தனவேல் முதுகில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் நாலு நொடி மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் வரவே இல்லை. முகத்தில் குளிர்ந்த காற்று. கீழே பீங்கான் கடகடவென்று பாடுகிறது. கையை விரித்தேன். ஐந்தாவது நொடியில் ரோடு வலது பக்கம் திரும்பியது. மணை திரும்பவில்லை. என் சக்கரம் இடது பக்கம்தான் போவேன் என்று முடிவு செய்து சூளையிலிருந்தே வந்திருந்தது. இடது பக்கம் ஆள் உயரப் பள்ளம். பள்ளத்தில் அத்தை வீட்டு முற்றம். முற்றத்தில் பத்துப் பெண்கள், சமையல் முடித்து, வாழையிலைமேல் ஐந்து வகைச் சாதத்தையும் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கியது புளிச்சாதத்தில், சரிந்தது தயிர்ச்சாதத்தில். வலது கால் மட்டும் தனியாக ஆட்டுக்கல்லில் இறங்கியது. மணை தலைகீழாகக் கிடந்தது. என் சக்கரம் மட்டும் கழன்று, பெண்களுக்கு நடுவே நிதானமாக உருண்டு, அத்தையின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஓடிவந்த கலியபெருமாள் என்னைத் தூக்காமல் அதைத்தான் முதலில் எடுத்தான். "பாருடா, ஒரு கீறல்கூட விழல" என்றான். தொழில்காரன் புத்தி.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். என் காலைப் பார்த்தாள். அத்தை முகத்தைப் பார்த்தாள். அழ ஆரம்பித்தாள். அத்தை புளிச்சாதத்தில் கிடந்த என்னைக் காட்டி, கூடியிருந்தவர்களிடம், "எம்மருமவளை இட்டுக்கிட்டுப் போக வந்த ஆளு" என்று அறிமுகப்படுத்தினார். பிறகு அக்காவிடம் திரும்பி, "நீ எங்கியும் போக வேணாம்" என்றார். காலைவிட அதுதான் எனக்கு வலித்தது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்து நானும் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று தனவேல் எனக்குத் தண்ணீர் கொடுத்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். அக்கா ஒரு பாயில் உட்கார, வளைகாப்பு மூன்று சாதத்தோடு நடந்தது. (மற்ற இரண்டிலும் நான் இருந்தேன்.)

அடுத்த மூன்று நாள் அத்தை வீடு பட்ட பாடு. என்னைக் குளிப்பாட்ட இரண்டு பேர், திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர். கலியபெருமாளும் தனவேலும் மலைக் குளிருக்கு வேளைக்கு ஒன்றரைப் படி அரிசி சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை சாமி அறைக்குப் போனபோது, தனவேல் அங்கிருந்த பூஜை மணையைப் புரட்டிப்போட்டு ஜாணால் அளந்துகொண்டிருந்தான்.

அத்தை நேராகக் கூடத்துக்கு வந்தார். "இவனுவளை நாளைக்கே ஊருக்கு அனுப்பணும்" என்றார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "அனுப்பலாம் அத்தே. ஆனா காலு ஒடஞ்சவனை இந்த ரெண்டு பேரு கிட்ட எப்படி வுடறது? நடுவுல எங்கியாவது மறந்துட்டுப் போயிடுவாங்க. உங்க புள்ளைக்கும் லீவு இல்ல. இந்த நேரத்துல என்னைத் தனியா வுட்டுட்டு நீங்களும் போவ முடியாது. யாராச்சும் பொறுப்பான ஆளு கூடப் போனா தேவலை" என்றாள்.

அத்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் கட்டிலில். தனவேல் சாமி அறை வாசலில், கையில் இன்னும் மணையோடு. கலியபெருமாள் சுவரோரம் தூங்குகிறான். எண்ணிப் பார்த்தால் அந்த வீட்டில் அனுப்பக்கூடிய பொறுப்பான ஆள் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திதான். அத்தை தனவேல் கையிலிருந்த மணையைப் பிடுங்கினார். பிறகு அக்காவிடம், "துணி எடுத்து வை" என்றார். அக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவ்வளவு மெதுவாக அவள் என்னைக் குட்டியதே இல்லை.

விருத்தாசலம் ஸ்டேஷனில் அம்மா காத்திருந்தார்கள். ரயிலிலிருந்து முதலில் அக்கா இறங்கினாள். நாலு பேர் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அவள் பையில். "கட்டு இடிக்காமப் புடிங்கடா" என்று அவள் அதட்ட, கலியபெருமாளும் தனவேலும் என்னை இறக்கினார்கள். அம்மா மகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதார்கள். அழுது முடித்து என் காலைப் பார்த்து, "நீ அவளைக் கூட்டியாந்தியா, அவ உன்னைக் கூட்டியாந்தாளா?" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அக்காவின் கையை அம்மா கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து அவனுக்குப் பெண் பார்க்க வேப்பூர் போனோம். தாய்மாமன் என்ற முறையில் நான் நடுநாயகமாக உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா, "அப்பா அம்மா சிலோன்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க. மாப்பிள்ளை பொறந்தது அங்கியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, விருத்தாசலம்" என்றான் அவன். "எங்க மாமாவை வூட்டுல வுட்டுட்டு வரலாம்னு எங்கம்மா வந்தாங்க. வந்த இடத்துல நான் பொறந்துட்டேன்."

கதவுக்குப் பின்னால் பெண் சிரித்துவிட்டாள். அன்றைக்கே நிச்சயமாயிற்று. கல்யாண வேலைகளைப் பிரித்துக்கொண்டபோது, வேப்பூர் பக்கம் பத்திரிகை வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பெருமையோடு சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அக்கா காரில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி, படியேற முடியாது, ஆனாலும் பொறுப்பான ஆள் ஒருத்தர் கூட வர வேண்டுமே என்று வந்திருந்தாள்.