பம்ப் ஹவுஸின் விசில்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்தோராவது வயதில் நான் ஒரு சைக்கிளும், அதை ஓட்டுவதற்கென்றே தைத்த, உடம்போடு ஒட்டும் கால்சட்டையும், தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் கரையும் ஒரு டப்பா வெளிநாட்டுத் தெம்புப் பவுடரும் வாங்கினேன். பவுடரின் விலையை நினைத்து, அதைக் கரைத்த பாட்டிலைப் பண்ருட்டி போய்ச் சேர்ந்துதான் திறப்பது என்று முடிவெடுத்தேன். பாதி தூரத்திலேயே ஒரு முந்திரி மரத்தடியில் விழுந்து கிடந்தேன். பாட்டில் நிரம்பியிருந்தது. நான்தான் காலி.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவருக்கு எங்கள் சைக்கிள் குழு வைத்த பெயர் பம்ப் ஹவுஸ். தண்ணீரைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: அதைக் குடிக்காமல் இருப்பது எப்படி என்பது.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஊறும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சுரங்கமே மூழ்கிவிடும். முப்பது வருடம் ஷிப்ட் ஷிப்டாக அந்த பம்ப்புகளை ஓட்டி, மணிக்கொரு தரம் லாக் புத்தகத்தில் எழுதி, ரிட்டயரானவர் அவர். இறைக்கச் சுரங்கம் இல்லாமல் போனதும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவைப் பிடித்துக்கொண்டார்.

"தாகம் எடுத்தப்புறம் குடிக்கிறது, மைன்ஸ்ல தண்ணி ஏறினப்புறம் பம்ப்பைத் தேடுற மாதிரி சார்" என்பார். ஆகவே கால் மணிக்கொரு விசில். விசில் கேட்டால் ஆளுக்கு நாலு மடக்கு. என் ஆரஞ்சுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு வேலியோரம் கொட்டினார்; அப்புறம் ஆடுகூட அந்தப் பக்கம் வரவில்லை. பதிலுக்கு அவர் வீட்டு நீராகாரம்: மோர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, சின்ன வெங்காயம் தட்டியது. கேரியரில் எடை பார்க்கும் மெஷின் ஒன்றையும் கட்டி எடுத்து வருவார். கிளம்பும்போது ஓர் எடை, திரும்பியதும் ஓர் எடை. குறைந்ததெல்லாம் வேர்வை, அதைக் குடித்து நிரப்பி, ஒரு கடலை உருண்டையும் தின்று முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எல்லாம் லாக் புத்தகத்தில் ஏறும். இந்தப் பக்கம் பண்ருட்டி, அந்தப் பக்கம் குள்ளஞ்சாவடி வரை முந்திரித் தோப்புகள் செழித்திருப்பதில் எங்கள் சிறுநீருக்குக் கணிசமான பங்கு உண்டு.

போன கோடையில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காப்பி, ரசம் உட்பட ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்றுவிட்டார் டாக்டர். இப்படியொரு தண்டனையைக் கதையில் எழுதக்கூட எனக்குத் துணிச்சல் வராது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். படுக்கவைக்கும் முன் ஓர் எடை, எழுப்பியதும் ஓர் எடை. அதே லாக் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தார். "இந்த பம்ப்புல ஒரு சத்தம் வந்துகினே இருக்குது, பேரிங்கைப் பாக்கச் சொல்லும்மா" என்று டயாலிசிஸ் மெஷினைக் காட்டி நர்ஸிடம் புகார் வேறு. பிறகு என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை விசில் யார் அடிக்கிறார்கள் என்றார். நான்தான் என்று புளுகினேன். அவர் படுத்த நாளிலிருந்து குழு கிளம்பவே இல்லை. என் ஆரஞ்சுத் தண்ணீரைப் பார்த்த அதே பார்வையை என் மேல் வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரையும் வூட்டுக்கு இட்டுகினு வாங்க."

ஏழு பேர் போனோம். பாட்டில்களைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தோம். குடிக்கக் கூடாதவர் முன்னால் எப்படிக் குடிப்பது? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் அடித்தார். யாரும் அசையவில்லை.

"குடிங்க சார். உதடு காஞ்சி கெடக்கறதுக்கு நான் ஒருத்தன் போதும்."

குடித்தோம். ஒவ்வொரு தொண்டையும் ஏறி இறங்குவதை வரிசையாகப் பார்த்தார். கடைசி ஆள் முடித்ததும், தானும் எச்சிலை ஒரு முறை விழுங்கிக்கொண்டு, புத்தகத்தில் ஏழு கோடு போட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் நாலு விசில். சைக்கிள் ஒரு அடி நகரவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ ஆறுதல் சொல்லத் தயாரானேன்.

"அடுத்த வாரம் வர்றப்ப தோப்புப் பக்கம் போயிட்டே வந்துடுங்க சார். எங்க வூட்ல ஒரே பாத்ரூம்தான்."