அடி படாமல் ஐந்து கோட்டை

டிவியில் குரங்கு இரண்டாகத் தெரிந்தது.

"இதுல எந்தக் குரங்குல நான்?" என்று மாரீஸ்வரன் திரையைப் பார்த்தே கேட்டான். வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. அதுதான் அன்றைக்கு விசேஷமே. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், மனைவியும் இரண்டு பெண்களும் இல்லாமல் அவன் தனியாக இருந்து ஒன்பது வருஷம் இருக்கும். மூன்று பேரும் ஐரோலியில் மச்சினன் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தார்கள். மாரீஸ்வரனுக்குக் காய்ச்சல். அதாவது, சூடான டீ கிளாஸை ஐந்து நிமிஷம் நெற்றியில் வைத்து எடுத்த காய்ச்சல்.

மற்றபடி அவன் பொய் பேசாதவன். எதிர்ச் சந்தில் கரீம் பாட்சாவின் பை பட்டறையில் தோல் வெட்டுகிறவன். இந்த ஒரு பொய்க்கும் இருபத்தைந்து வருஷக் காரணம் உண்டு.

பதின்மூன்று வயதில் மாஹிமில் ஒரு வீடியோ கேம் கடையில், குரங்கு தாவித் தாவி ஐந்து கோட்டை தாண்டும் விளையாட்டு. வௌவால், முள் உருண்டை, ஈட்டிக்காரன் என்று எதுவும் மேலே படாமல், ஒரே ஒரு அடிகூட வாங்காமல், கடைசித் தாவல் வரை வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து அப்பா வந்து காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் ஒருத்தரும் நம்பவில்லை. பட்டறையில் யார் கதை விட்டாலும், "இது மாரியோட குரங்குக் கதையால்லா இருக்கு!" என்று சிரிப்பார்கள். முதலாளி கரீம் பாட்சாவே சிரிப்பார். மனுஷனுக்கு எவ்வளவு எரியும்!

போன மாதம் பழைய சாமான் கடையில் அதே கேம் பெட்டி, அதே குரங்கு கிடைத்தது. இன்றைக்கு அடி படாமல் முடித்து, வீடியோ எடுத்து, கரீம் பாட்சாவின் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும்.

முதலில் குரங்கு ஒன்றாக வேண்டுமே.

டிவிக்குப் பின்னால் இருந்தது ஒரே ஓட்டை. பெட்டியின் வயர் அதில் லொடலொடவென்று ஆடியது. கேபிள் வயர் மட்டும் கெட்டியாக நின்றது. அதுவும் சொந்தக் கேபிள் இல்லை. கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டு ஒற்றை பாக்ஸிலிருந்து, கரீம் பாட்சா வீடும் சேர்த்து, ஆறு வீட்டுக்கு வயர் ஓடுகிறது. அண்ணாச்சி பக்திப் பாட்டு வைத்தால் ஆறு வீடும் பக்தியில் கிடக்கும். நல்லவேளை, அவர் இன்னும் பாக்ஸைப் போடவில்லை. மாரீஸ்வரன் இரண்டு வயரின் தோலையும் சீவி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினான். ஒரே குரங்கு, பளிச்சென்று வந்து நின்றது.

"சபாஷ்ல மாரி!"

போனை அரிசி டின் மேல் சாய்த்து ரெக்கார்டிங் போட்டான். முதல் கோட்டை வெண்ணெயாகப் போனது. இரண்டாவதில் வௌவால் வரும் நேரத்தில் போன் அடித்தது. கை நழுவியது. வௌவால் குரங்கின் மூஞ்சியிலேயே அறைந்தது.

"ஏங்க, காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றாள் மனைவி கீதா.

"அப்படியேதான் இருக்கு."

"என்ன, மூச்சு வாங்குது?"

"காய்ச்சல்னா வாங்காதா? நீ போனை வை தாயி."

இனி யாரும் கூப்பிடக் கூடாது என்று போனை ஃப்ளைட் மோடில் போட்டான். ரெக்கார்டிங்கை மறுபடி ஓடவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாவது கோட்டையில், அவசரப்பட்டு ஒரு தாவு முன்னால் தாவி, முள்ளில் போய் உட்கார்ந்தான்.

உடனே கதவு தட்டப்பட்டது.

மாரீஸ்வரன் போர்வையை டிவி மேல் வீசினான். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினான். பாயில் விழுந்து நடுங்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் முதலாளியின் மனைவி சபுரா, கையில் கஞ்சித் தூக்கோடு.

"கீதா எனக்குப் போன் பண்ணிச்சு. உங்க போன் போகவே மாட்டேங்குதாமே?"

"சார்ஜ் இல்லக்கா."

சபுரா போர்வை மூடிய டிவியைப் பார்த்தார். போர்வை இல்லாமல் நடுங்குகிறவனைப் பார்த்தார்.

"வெளிச்சம் கண்ணு கூசுதுக்கா," என்றான் அவன்.

"கூசத்தான் செய்யும். பாத்து மெதுவாப் போங்க தம்பி. அவசரப்பட்டா எல்லாம் இப்படித்தான் ஆகும்."

ஆள் வந்துகொண்டே இருந்தால் எங்கே கோட்டை தாண்டுவது? "அக்கா, இது ஒட்டிக்கிடுற காய்ச்சல் மாதிரி இருக்கு. யாரையும் இந்தப் பக்கம் விடாதீங்க," என்றான். சபுரா தலையாட்டிவிட்டுப் போனார். என்ன மூளை நமக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தான்.

அடுத்த முறை நான்காவது கோட்டை வரை போய் ஈட்டியில் குத்துப்பட்டான். குத்துப்பட்ட கையோடு ஜன்னலுக்கு வெளியே கோமதிநாயகத்தின் குரல், மூக்கில் கட்டிய துண்டுக்குள்ளிருந்து வந்தது.

"எய்யா மாரி, ஒட்டுற காய்ச்சலாமே? முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வண்டி வரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ! வேண்டாம் அண்ணாச்சி! அது ஒட்டாது. வெறும் தலைவலிதான். சத்தம் கேட்டா மண்டை பொளக்குது, அம்புட்டுதான்."

"சத்தம்தானா? அத நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. ஈட்டி மாதிரி சுருக்குனு குத்துச்சுன்னா கொஞ்சம் பொறுத்து எந்திரி."

ஈட்டி என்றதும் மாரீஸ்வரனுக்குத் திக்கென்றது. கிழவர் தலைவலியைத்தான் சொல்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஐந்து நிமிஷத்தில் ஒரு அதிசயம் நடந்தது. கரீம் பாட்சா பட்டறை மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஏழு வருஷத்தில் தீபாவளிக்கும் பெருநாளைக்கும் தவிர நிற்காத மெஷின்கள். பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாளின் மிக்ஸி நின்றது. தண்ணீர்க் குழாயடிச் சண்டைகூட கிசுகிசுவென்று நடந்தது. யாரோ, "அரே, ஆவாஸ் மத் கரோ!" என்று, சத்தம் போடாதே என இந்தியில் அதட்டுவது மட்டும் கேட்டது. மெஷின் நின்றதால் கரண்டும் சீரானது. குரங்கு கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

மாரீஸ்வரன் தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். அடச் சண்டாளா, உன் பொய்த் தலைவலிக்காக ஒரு சந்தே வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதே! எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். இவ்வளவு பேர் கொடுத்த அமைதியை வீணாக்குவது அதைவிடப் பாவம் என்று உடனே தோன்றியது. விளையாட்டுக்காரன் நியாயம் எப்போதும் விளையாட்டுப் பக்கம்தானே சாயும்.

முதல் கோட்டை. இரண்டாவது. முள் வந்தது, பொறுமையாக நின்று தாவினான். ஈட்டி வந்தது, குனிந்தான். ஒரு அடி இல்லை. ஐந்தாவது கோட்டையின் உச்சிக்கு வந்தபோது உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மிச்சம் ஒரே தாவல்.

அப்போதுதான் சந்து முனையில் கீதாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது வருஷம் கேட்ட சத்தம், தப்பாது. பால் காய்ச்சின கையோடு புறப்பட்டு வந்துவிட்டாள்! அன்றைக்கு அப்பா, இன்றைக்கு இவள். தாவல் மட்டும் அதே தாவல்.

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்து, ஏனோ அங்கேயே நின்றது.

மாரீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினான். குரங்கு பறந்தது. வௌவாலுக்கு மேலே, முள்ளுக்கு அப்பால் போய்க் கொடிக்கம்பத்தைப் பிடித்தது. திரையில் வாழைப்பழமாகக் கொட்டியது. இருபத்தைந்து வருஷம்! அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே சந்து முழுக்க 'ஓ'வென்று ஒரே கூச்சல். விசில் வேறு. கிரிக்கெட் போல, இந்தியா ஜெயித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு டிவியை அணைத்தான். போனை எடுக்கப் பாய்ந்தவன், அது அரிசி டின் மேல் இல்லாததைப் பார்த்து, மூடியைத் திறந்து எடுத்தான். ரெக்கார்டிங் நன்றாகத்தான் ஓடியிருந்தது. டின்னுக்குள் இருக்கும் இருட்டை முழுசாகப் பிடித்து வைத்திருந்தது.

மாரீஸ்வரன் பாயில் சரிந்தான். போச்சு. மறுபடியும் யாரும் பார்க்காத சாதனை, மறுபடியும் குரங்குக் கதை.

கீதா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"நல்லா வேர்த்திருக்கு. காய்ச்சல் விட்டுட்டு போல."

அவள் கை குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு மேல் அவனால் பொய்யைத் தாங்க முடியவில்லை.

"கீதா, ஒண்ணு சொல்லுதேன். திட்டுனாலும் பரவாயில்ல. நீயாவது நம்புவியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஏணி இடித்தது. ஆறு வீட்டுக்கும் வயர் இழுத்துக் கொடுத்த அல்தாப் தலையை நீட்டினான்.

"கீதாக்கா, சபுராக்கா சொல்லித் தெரிஞ்சதும் அண்ணன் ஆட்டம் முடியிற வரைக்கும் வயர்ல கை வைக்காதேன்னு ஐரோலிலருந்து போன்ல சொன்னீங்கல்ல, இப்ப கழட்டிறட்டுமா? காலைலருந்து ஆறு வீட்டு டிவியிலயும் அந்தக் குரங்குதான் ஓடுது, கரீம் பாய் பட்டறையையே நிறுத்திட்டு ஒக்காந்து பாத்தாரு!"