பந்தியில் பரிமாறிய ஆராய்ச்சி

பாரபட்சம் என்னும் நோயை அடியோடு குணப்படுத்திய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது தேனிக்குப் பக்கத்திலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சைத் துறை. அங்கே இதற்கென்றே ‘சமவாய்ப்புக் குழு’ இருக்கிறது. குழுவில் நான்கு பேர். நான்கு பேரும் ஆண்கள். ஆண்களுக்குள்ளும் பாரபட்சம் வந்துவிடக் கூடாதே என்று நால்வரையும் ஒரே சொந்தத்தில் பார்த்து எடுத்திருந்தார் துறைத் தலைவர் டாக்டர் பிச்சைமணி.

இந்தப் பொற்காலத்தில் அங்கே மேற்படிப்புப் படிக்கக் கொடுத்துவைத்தவள் டாக்டர் பெனிஷா. அனுமந்தன்பட்டிக்காரி, கடைசி வருடம். ஜல்லிக்கட்டில் மாடு குத்திக் குடல் சரிந்து வருகிறவர்களை இரண்டு பருவமாகத் தைத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவள் அவள்தான். அந்தக் காயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசைப்பட்டாள். வெறும் ஆசை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் இந்த வருடம் பரீட்சைக்கு உட்கார முடியாது.

தலைவரிடம் போய்க் கேட்டாள்.

“மாடு சம்பந்தப்பட்ட தலைப்பும்மா அது. நீ வாடிவாசலுக்குப் போவியா?”

“நான் எதுக்கு சார் போகணும்? குத்துப்பட்டவுகதான் இங்கன வாராகளே.”

“அதைத்தான் சொல்றேன், அலைச்சல். நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு ஆயிரும்.”

“கல்யாணம் ஆனா மாடு குத்தாதா சார்?”

இந்தக் கேள்வியில் அறிவியல் இல்லை என்று தலைவர் கருதினார். “தலைப்பு குடுக்குறதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா” என்று எழுந்துவிட்டார்.

முறை இருந்தது உண்மைதான். துறையின் ஆராய்ச்சித் தலைப்புகள் வருடாவருடம் தலைவரின் குலதெய்வக் கோயில் கிடாவிருந்தில் பங்கிடப்பட்டன. மலையடிவாரத்துக் கோயில் அது. ஆண்களே வெட்டி, ஆண்களே சமைத்து, ஆண்களே உண்ணும் விருந்து. பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவும் கூடாது. ஈரலோடு ஒரு தலைப்பு, நெஞ்செலும்போடு ஒரு தலைப்பு என்று தலைவர் பந்தியில் நடந்துகொண்டே கொடுத்து வருவார். பந்திக்கு முந்தச் சொன்ன பெரியவர்கள் ஆராய்ச்சியை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

“நான் சாப்பிட வரல சார். ஓரமா நின்னு தலைப்ப மட்டும் வாங்கிக்கிறேன்.”

“ஐயய்யோ, சாமி குத்தமாயிரும்! எனக்கு ஆட்சேபமே இல்லம்மா. சாமிதான் ஒத்துக்கிடாது.”

சமவாய்ப்புக் குழு உடனே கூடித் தீர்மானம் போட்டது: ‘பெண் மருத்துவர்கள் ஆராய்ச்சி வாய்ப்புகளைத் தேடி நேரில் வருவதில்லை என்பதை இக்குழு ஆழ்ந்த கவலையுடன் பதிவு செய்கிறது.’

ஆணாகப் பிறந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பெனிஷாவோடு படிக்கும் ராக்கையா, மயிலாடும்பாறைக்காரன், போன வருடம் விருந்துக்குப் போனான். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னான். எந்தத் தெரு என்று கேட்டார்கள், அதையும் சொன்னான். செருப்புகளுக்குக் காவல் நிற்கும் பொறுப்பான பதவி அவனுக்குக் கிடைத்தது.

“தலைப்பு எதுவும் கிடைச்சதா?” என்று பெனிஷா அப்போது கேட்டாள்.

“ஏன் இல்லாம? சாப்பிட்டு எந்திரிச்சவுக பூராம் செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போறாக. அத வேணா ஆராய்ச்சி பண்ணலாம்.”

இந்த வருட விருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. துறையே கிளம்பிப் போயிற்று. மொத்த வார்டையும் பெனிஷாவிடமும் ராக்கையாவிடமும் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பெண்கள்மேல் அந்தத் துறைக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

மத்தியானம் ஒரு கார் வந்து கிறீச்சிட்டு நின்றது. கழுத்தைப் பிடித்தபடி, எச்சில்கூட விழுங்க முடியாமல் தலைவர் இறங்கினார். பின்னாலேயே அவருடைய அண்ணன் மகன் டாக்டர் நாகராஜ் ஓடி வந்தார்.

“எலும்பு மாட்டிக்கிச்சு! மாட்டுக் காயத் தலைப்ப எனக்குக் குடுத்துக்கிட்டே சித்தப்பா நெஞ்செலும்பக் கடிச்சாக...”

பெனிஷா இரண்டு பருவம் தைத்த தையல் எல்லாம் யாரோ ஒருவர் இலையில் போய் விழுந்துவிட்டது. அழுகை முட்டியது. அழுதுகொண்டே தொண்டைக்குள் குழாய் இறக்க முடியாது என்பதால் ஒத்திவைத்தாள்.

“நீங்களே எடுக்கலாமே சார்?” என்றான் ராக்கையா. நாகராஜ் எண்டோஸ்கோப்பி பற்றி இரண்டு கட்டுரை எழுதியவர். கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதை மூன்றாவது கட்டுரைக்கு வைத்திருந்தார்.

“எனக்குக் கை நடுங்குது. பெனிஷா, நீ பாரு.”

ராக்கையா தலைவரின் தலையைப் பிடித்துக்கொண்டான். பெனிஷா குழாயை இறக்கினாள். உணவுக்குழாயில் குறுக்கே குத்தி நின்ற எலும்பை, சதை கிழியாமல் திருப்பி, மெல்ல வெளியே எடுத்துக் குப்பியில் போட்டாள்.

“இது ஒரு அருமையான கேஸு!” ராக்கையா அவள் காதோரம் சொன்னான். “இத எழுது. பரீட்சைக்கு உக்காந்துறலாம்.”

பெனிஷா அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

தலைவர் எழுந்து உட்கார்ந்தார். தொண்டையைத் தடவினார். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல கேஸும்மா. நாகராஜ்கிட்ட குடுத்திரு. பேப்பராப் போட்டுருவான்.”

“அவருக்குத்தான் என் மாட்டுக் காயத்தக் குடுத்தாச்சே சார்!”

“ரெண்டையும் போடட்டும்மா. கெட்டிக்காரப் பய.”

இதைக் கேட்டுவிட்டு, துறையில் பாரபட்சம் இல்லை என்று முதலில் சொன்னது பொய் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எலும்பு உள்ளே இருந்த வரைக்கும், குழாய் பிடித்த கை ஆணா பெண்ணா என்றோ, தலையைப் பிடித்த கை எந்தத் தெரு என்றோ தலைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது அவருக்குத் தொண்டை அடைத்திருந்தது.